தேர் வகுத்த கடைவீதி

சிதம்பரத்தில் வந்து இறங்கி, கீழவீதிப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்துப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே புறப்படுகிற பிரயாணி கோயிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. நான்கு திசையிலும் கோபுரங்கள் ஓங்கி நிற்க, அவற்றின் புறத்தே கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என நான்கு தேர்வீதிகள் சதுரமாய்ச் சூழ்ந்திருப்பதால், எந்தப் பக்கம் நடந்தாலும் கடைக்கும் கோயிலுக்கும் ஒருங்கே வந்து சேர்கிறான். ஜவுளி, பாத்திரம், மளிகை, நகை யாவும் இந்த வீதிகளில்தான். சந்தை கூடிய இடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் பல உண்டு. இங்கோ, தேர் ஓடவும் திரும்பவும் வேண்டிய இடத்தை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் வியாபாரம் வந்து அமர்ந்ததென்றே எனக்குப் படுகிறது.

ஆனி, மார்கழி ஆகிய இரு மாதங்களிலும் நடைபெறும் உற்சவங்களின் ஒன்பதாம் நாளில் ஐந்து தேர்கள் இவ்வீதிகளை வலம் வருகின்றன. பெரும்பாலான ஸ்தலங்களில் உற்சவமூர்த்தி வீதிக்கு வர மூலவர் கருவறையிலேயே இருப்பார். தில்லையாகிய சிதம்பரத்திலோ சித்சபையில் ஆடும் மூலவராகிய நடராஜரே சிவகாமியம்மையோடு தேரேறிக் கடைத்தெருவுக்கு எழுந்தருளுகிறார். பரதவ குலத்தில் அம்பிகை மகளாய்ப் பிறந்தாள் என்ற ஐதிகத்தை ஒட்டி, பருவதராஜ குலத்து மீனவர்கள் தேரோட்டத்தினிடையே சீர் கொண்டுவந்து சாத்துவதும் இந்த வீதியிலேதான். கருவறையை நெருங்க முடியாத பலருக்கும் வீதியில் தரிசனம் கிட்டியது என்பதை இந்த வழக்கத்தோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

கீழ சந்நிதியில் வரிசையாகப் பூக்கடைகள். நாரை நீரில் நனைத்து இடக்கையில் பிடித்துக்கொண்டு, இப்பக்கம் இரண்டு அரும்பு, அப்பக்கம் இரண்டு அரும்பு வைத்து, விரலால் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி, பார்வையை வாடிக்கைக்காரரிடம் வைத்தபடியே அந்தப் பெண்கள் சரத்தை வளர்த்துக்கொண்டு போகிறார்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். “கையைக் கொஞ்சம் நீட்டி அளந்து போடும்மா” என்று கேட்டால், “சாமிக்குத்தானே, கொறைச்சுப் போடுவனா?” என்று இரண்டு விரற்கடை கூட்டிக் கிள்ளித் தருகிறார்கள். இந்தப் பூவுக்குப் பின்னே நீண்ட சரித்திரம் இருக்கிறது. சோழர் காலத்துச் சிதம்பரச் சாசனங்களில் நந்தவனத்துக்கும் அதைப் பேணும் குடிகளுக்கும் நிலம் விட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

முதலாம் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோரிடம் சேனாபதியாயிருந்த மணவில் கூத்தன் என்னும் நரலோகவீரன், மண்டபம் கட்டியதோடு நில்லாமல், இறைவன் தீர்த்தமாடக் கடற்கரைக்குச் செல்லும் பொருட்டுச் சாலையும் போட்டுவைத்தான். சுவாமிக்காகப் போட்ட சாலையில் ஆண்டின் மற்ற நாட்களில் உப்பும் கருவாடும் நெல்லும் போய்வந்திராமலா இருக்கும்? கடலுக்கப்பாலும் உறவு இருந்தது: காம்போஜ அரசன் குலோத்துங்கனுக்குக் காட்சியாகக் காட்டிய கல்லொன்று இக்கோயிலில் பதிக்கப்பட்டதை 1114-ஆம் ஆண்டுச் சாசனம் கூறுகிறது. பின்னாளில் வட கோபுரத்துக்குக் கிருஷ்ணதேவராயர் திருப்பணி செய்தார். கீழ கோபுரத்தின் திருப்பணியோ, கும்பினி காலத்தில் துபாஷாயிருந்து பொருள் ஈட்டி 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் தர்மத்தால் நடந்தது. வியாபாரத்தில் ஈட்டிய செல்வம் கோபுரமாய் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இவ்வூரில் இல்லை.

இடையில் துன்ப காலங்களும் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் கலவரங்களில் நடராஜ மூர்த்தியையே ஊரைவிட்டு எடுத்துச் சென்று, 1648 முதல் 1686 வரை வெளியூர்களில் வைத்துப் பாதுகாத்தார்கள்; தேரில் ஏறவேண்டியவர் இல்லாத அந்த ஆண்டுகளில் இவ்வீதிகளின் வியாபாரம் எவ்வளவு தேய்ந்திருக்குமென்று ஊகிக்கலாம். கர்நாடக யுத்தங்களில் மதில்சூழ்ந்த இக்கோயில் கோட்டையாகவே பயன்பட்டது. 1781 ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் காவல்படை உள்ளேயிருக்க, இதைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். அடுத்த மாதம் பரங்கிப்பேட்டையில்தான் அவருக்கு வெற்றி கிட்டியது.

கடைவீதியின் சரக்குக்கு ஊற்று எங்கே என்று அறிய விரும்புவோர், காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறிக் குமராட்சி வரையில் போய்வரவேண்டும். வீராணம் ஏரியும் வடவாறும், 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அமைத்த கீழணையும் சேர்ந்து வளமாக்கிய பூமி அது. நெல்லும் வாழையும் காய்கறியும் அங்கிருந்து சிதம்பரத்துக்கு வருகின்றன. அந்தப் பக்கத்தில் உள்ள திருநாரையூரில் பிறந்தவரே திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி. அவ்வூர்ப் பொல்லாப்பிள்ளையார் நம்பியின் கையிலிருந்து நைவேத்தியத்தை உண்மையாகவே உண்டார் எனக் கேள்வியுற்ற சோழமன்னன், வாழைப்பழமும் தேனும் அவலும் அப்பமும் எள்ளுருண்டையும் மலைபோல் குவித்துக்கொண்டு அங்கே சென்றான் என்று உமாபதி சிவாசாரியார் திருமுறைகண்ட புராணத்தில் பாடினார். அரசன் கொண்டுபோன பட்டியலில் பொன்னும் மணியும் முன்னே நிற்காமல் சந்தைப் பண்டங்கள் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அரசன் அங்கே சென்ற பின்னரே தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில், செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகள் வெளிப்பட்டனவாம். அதே சாலையின் கோடியில், வீரநாராயணபுரம் எனப்பட்ட காட்டுமன்னார்கோயிலில் தோன்றிய நாதமுனிகள் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தார். சைவத் திருமுறையையும் வைணவப் பிரபந்தத்தையும் தொகுத்தவர்களின் ஊர்கள் ஒரு பஸ் பாதைக்குள் அடங்கிவிடுகின்றன.

விடுதிகள் தோன்றுமுன் யாத்திரிகர் சத்திரங்களில் தங்கினர். அன்றேல் தலைமுறை தலைமுறையாகத் தம் குடும்பத்துக்குப் பூசை செய்யும் தீட்சிதர் வீட்டுத் திண்ணையில் இறங்கினர். இவ்வூர்ச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் வெளியூரார் நாவுக்குப் பழகியது அந்த வழியில்தான் என்பது என் எண்ணம். கத்தரிக்காயை வதக்கி மசித்து, புளிக்கரைசலும் வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிட்ட அந்தக் கொத்சு இப்போது தேர்வீதி ஓட்டல்களில் இட்லிக்குத் துணையாக வருகிறது. சில இடங்களில் சாம்பாரைவிடச் சற்றுக் கெட்டியாக எதையோ ஊற்றி அதே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். விசாரித்துச் சாப்பிடுவது நல்லது.