சவுக்கு மரமும் கரப்பான் பண்டமும்

இலங்கையின் மலைத் தோட்டமான டயகமவில் சவுக்குக் கிளை வெட்டப் போனவர்களின் முன்கையிலும் கழுத்திலும் தடித்துக் கொப்புளம் கிளம்பினால், லயத்தில் முதல் பழி கருவாட்டுக்குத்தான். எங்கள் அப்பாயி கத்தரிக்காயையும் சேர்த்துக்கொள்வார். "கரப்பான் பண்டம்டா, வாயைக் கட்டு" என்று சித்தப்பாவை அதட்டிவிட்டு, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவார். மரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.

எங்கள் முன்னோர் விட்டு வந்த தமிழ்நாட்டில் மரத்துக்குப் பயப்படத் தெரிந்திருந்தது. சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் வெந்துபோகும் என்பது வைத்தியருக்கும் தெரியும், சலவைக்காரருக்கும் தெரியும். அந்தச் சாற்றால்தான் துணிக்குக் குறி போட்டார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் அழியாத கறுப்பு. இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சலவைக்குறி உரசிய இடத்தில் தடிப்பு வந்ததை அவர்களுடைய மருத்துவர்கள் 1943-இல் எழுதினார்கள். அவர்கள் ஊரின் 'பாய்சன் ஐவி' கொடியும் சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம்.

எங்கள் சவுக்கு அந்தக் குடும்பமல்ல, கடலோரச் சவுக்குமல்ல. இலையின் அடிப்புறம் வெள்ளியாக மின்னும் கிரெவிலியா. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து காப்பிக் காலத்தில் இலங்கைக்கு வந்தது. 1869-இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்த பிறகு, தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் நிலைத்தது. ஐவியின் எண்ணெய்க்கு நெருங்கிய உறவான ரசாயனம் இதிலும் இருக்கிறது.

அது பிடிபடாமல் போனதற்குக் காரணம் உண்டு. இந்த ஒவ்வாமை முதல் முறை தொட்டதுமே வருவதில்லை, எல்லோருக்கும் வருவதுமில்லை. வந்தாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். திங்கட்கிழமை வெட்டினால் புதன்கிழமை அரிக்கும். நடுவில் செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் நின்று வெட்டியவருக்கு ஒன்றுமில்லை என்றால் கண்ணூறு.

சேராங்கொட்டையை நம்பாதே என்று சொல்ல ஊரில் பல தலைமுறை இருந்தது. சவுக்கோ எங்களைப் போலவே கப்பலேறி வந்த மரம். அதைப் பற்றிப் பிள்ளைகளை எச்சரிக்க இந்த மலையில் பழைய ஆட்கள் எவரும் இல்லை.

சாறு பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் பாதித் தொல்லை குறையும். உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். முகமோ கண்ணோ வீங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிளை வெட்ட ஆள் அனுப்பும் தோட்டம் எதுவானாலும், அன்றைக்குச் சம்பளக் கணக்கில் பேர் போடுவதோடு நிற்காமல் நீளக்கைச் சட்டையும் சோப்பும் கொடுக்கட்டும். அரிப்பு வேலையால் வருவது. அதைத் தடுக்கும் செலவும் வேலைக் கணக்கிலேயே சேர வேண்டும்.