களப்பில் மண் வெட்டும் முன்: கற்பிட்டியும் ஓர் அனுமதிப்பத்திரமும்

கற்பிட்டிக் குடாநாட்டில் எந்த வேலையைத் தொடங்கினாலும் அது கடைசியில் ஏதாவதொரு நீரில் போய் முட்டும். மேற்கே கடல். கிழக்கே ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புத்தளம் களப்பு. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதில் வந்து விழுகின்றன, வடக்கே அதன் வாய் கடலுக்குத் திறந்திருக்கிறது. தெற்குப் பக்கம் முந்தல் ஏரியையும் அதற்கப்பால் சிலாபத்தையும் தொட்டுக்கொண்டு ஒல்லாந்தர் கால்வாய் போகிறது. இறால் குளம் வெட்டுபவர், தோணித்துறை கட்டுபவர், பள்ளக் காணிக்கு மண் போடுபவர், தூர்ந்துபோன வாய்க்காலைத் தோண்டுபவர் என்று இங்கே யாராக இருந்தாலும் "அனுமதி எடுத்தீர்களா?" என்ற கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சில வருடங்களாக அயலில் உள்ள மீனவர்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சட்டத்தோடு சேர்த்து எழுதுகிறேன். கற்பிட்டியை வைத்து எழுதினாலும், மாகாணத்துக்குரிய ஒரு விடயத்தைத் தவிர மற்றதெல்லாம் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் யாழ்ப்பாணக் களப்புக்கும் பொருந்தும்.

முதலில் சட்டம் எதைக் கரை என்கிறது என்று பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டரும் கரையோர வலயம். கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுக்கும் ஆறு, ஓடை, களப்பு என்பவற்றில், முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர் வரை அந்த வலயம் நீளும். 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதனோடு அந்த நீர்நிலைகளின் விளிம்பைச் சுற்றித் தரைப்பக்கம் மேலும் 100 மீட்டரைச் சேர்த்தது. சட்டத்தின் பெயரும் திணைக்களத்தின் பெயரும் அப்போதுதான் நீண்டன: கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம்.

இந்த 2 கிலோமீட்டர் கணக்குச் சின்ன விடயமில்லை. புத்தளம் களப்பின் வாய் வடக்கே இருக்கிறது. 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகள் பெருகியது களப்பின் உட்பகுதியிலும் முந்தல் ஏரியோரத்திலும் ஒல்லாந்தர் கால்வாயின் இரு கரையிலும். வாயிலிருந்து 2 கிலோமீட்டர் என்று அளந்தால் அவற்றில் பெரும்பகுதி கரையோரச் சட்டத்துக்கு வெளியே நின்றது. பலர் எந்த உரிமமும் இல்லாமலே கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். ஒவ்வொரு பண்ணையும் கால்வாயிலிருந்து நீர் எடுத்தது, கழிவு நீரை அதே கால்வாயில் விட்டது. ஒருவர் விட்ட நீர் அடுத்தவரின் குளத்துக்குள் போனது. 1980களின் இறுதியில் ஒரு வைரஸ் நோய் வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்தக் கால்வாயே நோயைப் பண்ணை பண்ணையாகக் கொண்டு திரிந்தது. கடன்பட்டுக் குளம் வெட்டிய சிறிய பண்ணைக்காரர்கள்தான் முதலில் விழுந்தார்கள். கைவிடப்பட்ட குளங்களை இன்றும் பார்க்கலாம். உப்பேறிய தரை, உடைந்த மதகு, கண்டலும் திரும்பவில்லை, நெல்லும் விளையாது. பிறகுதான் கால்வாயை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடுவது என்று கால அட்டவணை போட்டார்கள். ஒரு பண்ணையின் அனுமதி அயல் பண்ணையின் உயிர் என்பதை இந்தப் பகுதி பட்டுத்தான் கற்றது.

எந்தெந்த வேலைக்கு அனுமதி வேண்டும்? சட்டம் 'அபிவிருத்திச் செயற்பாடு' என்று சொல்கிறது. கரையோர வலயத்தின் பௌதிகத் தன்மையை மாற்றக்கூடிய எதுவும் அதில் அடங்கும். கட்டடம், கழிவு கொட்டுதல், மணல், முருகைக்கல், சிப்பி, இயற்கைத் தாவரம் அகற்றுதல், தோண்டுதல், நிரப்புதல், நிலம் மீட்டல் எல்லாம் அதில் இருக்கின்றன. மீன்பிடியும் பயிர் செய்தலும் மரம் நடுதலும் விலக்கு. இந்த விலக்கில்தான் எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். களப்போரச் சங்கமொன்று, தோணிகள் கரைக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று பெக்கோ பிடித்து வெட்டத் தயாரானது. "தம்பி, நாங்க மீன்பிடிக்கப் போறதுக்குத்தானே வெட்டுறோம், இதுக்குமா பேர்மிட்?" என்று தலைவர் கேட்டார். "ஓம் நானா, வலை போடுறதுக்குத் தேவையில்ல, வாய்க்கால் தோண்டுறதுக்குத் தேவை" என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனால் தோண்டுதல் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. தோண்டி எடுத்த சேற்றைக் கண்டலுக்குள் கொட்டினால் அது நிரப்புதல், இரண்டாவது குற்றம். வழியில் கண்டல் மரம் நின்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் போக வேண்டும்.

விண்ணப்பம் எங்கே கொடுப்பது? வீடு, சிறிய கட்டடம் போன்ற சிறு வேலைகளுக்கான அனுமதியை வழங்கும் அதிகாரம் பிரதேச செயலாளர்களுக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. பெரிய வேலைகள் திணைக்களத்துக்குப் போகும். இறால், கடலட்டை, நண்டு என்று நீரில் எதை வளர்த்தாலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் தனி உரிமம் வேண்டும். அதைக் கையாள்வது 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அதிகாரசபை, நம்மவர் பேச்சில் 'நெக்டா'. நெக்டா உரிமம் கரையோர அனுமதிக்குப் பதிலாகாது, மறுபக்கமும் அப்படியே. களப்பின் அடிநிலம் அரச காணி என்பதால் அதைப் பாவிக்கும் உரிமை மூன்றாவது விடயம். ஒரு கடிதத்தைக் காட்டி "எல்லாம் எடுத்தாச்சு" என்று ஒருவர் சொன்னால் எந்தக் கடிதம், எதற்கான கடிதம் என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தெளிந்துவிடும்.

மேலே சொன்ன அந்த ஒரு விடயம் இதுதான். மற்ற மாகாணங்களில் சுற்றாடல் விடயத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் போவோம். வடமேல் மாகாணத்தில் 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தால் தனி மாகாண சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. புத்தளம் மாவட்டத்தவர்கள் அங்கே போக வேண்டும். இது தெரியாமல் கொழும்புக்குக் கடிதம் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பது உறுதியின் பிரதி, நில அளவைப் படம், இடத்தைக் காட்டும் வரைபடம், வேலையின் திட்டப்படம், உள்ளூராட்சி சபையின் சிபாரிசு. எழுத ஒரு வரிதான். இடம்பெயர்ந்தவருக்கு இதில் முதலாவதே மலை. ஊரில் இருந்த உறுதி வெளியேற்றத்தோடு போனது. இங்கே குடியிருக்கும் காணி ஒருவர் வாய்ச்சொல்லில் தந்தது, அல்லது முகாமாக இருந்து பிறகு துண்டு பிரித்தது. சிலரிடம் வெறும் வெள்ளைத்தாள் ஒப்பந்தம். காணிப் பத்திரமில்லாதவருக்கு அரச அனுமதி தூரம்தான். ஆனாலும் வழியே இல்லை என்று விடக்கூடாது. அரச காணியில் இருப்பவர் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் தன் பெயரும் காணியும் எந்தப் பதிவில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வாய்க்கால், இறங்குதுறை போன்ற பொது வேலையைத் தனி ஆள் கேட்பதைவிடப் பதிவுசெய்த கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கேட்பது நல்லது. காணி தனியாளுடையதா என்ற கேள்வி அங்கே எழாது, எத்தனை தோணி அந்த வழியைப் பாவிக்கிறது என்பதே பலமாக நிற்கும். அந்த வாய்க்கால் சங்கத்துக்கு நாங்கள் செய்தது அதுதான். தோணிகளின் பதிவு இலக்கங்கள், வாய்க்காலின் நீளம், அகலம், எடுக்கும் சேற்றை எங்கே போடுவோம் என்ற விபரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், கடற்றொழில் பரிசோதகரின் குறிப்பு எல்லாம் சேர்த்தோம். மாதங்கள் எடுத்தது. கிடைத்தபோது நிபந்தனையோடு கிடைத்தது: கண்டல் பக்கம் இயந்திரம் இறக்கக்கூடாது, சேறு களப்போரத்தில் கிடக்கக்கூடாது. தலைவர் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறார்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். வடக்குக் கிழக்குக்கு வெளியேயும் ஒரு பிரசை அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. விளங்காத சிங்களப் படிவத்தில் கையொப்பமிட வேண்டியதில்லை. நிபந்தனைகள் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். நிபந்தனை விளங்காமல் வேலை செய்து மாட்டிக்கொள்வது தண்டத்திலும் இடித்து அகற்றும் கட்டளையிலும் போய் முடியலாம்.

இதுவரை சொன்னது நாம் விண்ணப்பிக்கும் பக்கம். நம் நீரில் வேறொருவர் விண்ணப்பிக்கும்போது என்ன செய்யலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போருக்குப் பின் கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டம் பேசப்பட்டபோது, தலைமுறையாக வாடி போட்டுத் தொழில் செய்தவர்களுக்குத் தங்கள் கரையின் எதிர்காலம் வரைபடத்தில்தான் தெரியவந்தது. வடக்கிலும் அதே கதை. 2021இல் கௌதாரிமுனைக் கடலட்டைப் பண்ணை சர்ச்சையானது. 2022இல் கிராஞ்சியில் பண்ணைகளால் தொழில் பாதிக்கப்படுகிறது என்று மீனவர்கள் நாட்கணக்காக வீதியில் இருந்தார்கள். இரண்டு இடத்திலும் மக்கள் கேட்ட முதல் கேள்வி, யார் அனுமதி கொடுத்தது?

கரையோரச் சட்டத்தின்படி ஒரு வேலைக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால், அந்த அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும், கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. சுற்றாடல் சட்டத்தின் கீழும் இந்த 30 நாட்கள் உண்டு. ஆனால் ஒரு ஓட்டை: ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்ற சிறிய அறிக்கையோடு முடிந்தால், 2000ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்களின் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொரு ஓட்டை பரப்பளவில். 1993இல் வந்த தேசியப் பட்டியலில் 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு, மேற்பட்ட நீருயிரினப் பண்ணைகளே அடங்கும். ஒரே ஆளின் பண்ணையைப் பல பெயரில் துண்டுபோட்டால் ஒன்றும் பட்டியலுக்குள் வராது. பக்கத்துப் பக்கத்தில் 'சின்னச் சின்ன' பண்ணைகள் ஒரே நேரத்தில் முளைத்தால், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். 2000இல் எப்பாவல பொசுபேற்று வழக்கில், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால், படிக்கும் அலுவலர் நிமிர்ந்து உட்காருவார்.

அறிவித்தல் எதுவும் காணாமல் பெக்கோ வந்துவிட்டால், திகதி தெரியும் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் கரையோரத் திணைக்களத்துக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தொலைபேசியில் சொன்னது சாட்சியாகாது. கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். இந்த இடத்தில் இந்த வேலைக்கு அனுமதி உண்டா, இலக்கமும் திகதியும் என்ன, நிபந்தனைகளின் பிரதி தருக. இந்த மூன்றும் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். உங்களுடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும், தாங்க முடியாத நிபந்தனை போட்டாலும், கரையோரச் சட்டத்தின் கீழ் அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு உண்டு. மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள், அது இல்லாமல் மேன்முறையீடு எழுதுவது கஷ்டம்.

களப்பின் உட்பகுதியில் உள்ள காணி வலயத்துக்குள் வருமா இல்லையா என்று அயலவர் ஆளுக்கொன்று சொல்வார்கள். திணைக்களத்திடம் வரைபடத்தோடு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு மண்ணில் கை வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இன்னொரு பிரதி கொண்டுபோய், பெற்றுக்கொண்ட திகதி முத்திரையை அதில் வாங்கி வையுங்கள். முத்திரை வைக்கத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள்.