மாதிரியைப் பார்த்து எழுதினால் தப்பா?



"ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுது" என்று சொல்லிவிட்டால் பிள்ளை என்னத்தை எழுதும்? வீட்டில் அந்த மொழி பேச ஆளில்லையே! ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஏழைத் தொழிலாளர் வாழும் வட்டாரப் பள்ளிகளுக்கும் இதே சங்கடம் வந்தது. இத்தாலி, கிரீஸ், லெபனான், வியட்நாம் என்று பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

மனதில் பட்டதை எழுதட்டும், ஆசிரியர் குறுக்கே வரக்கூடாது என்பது அன்றைய புதுப் போக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் 1980 முதல் பிள்ளைகளின் எழுத்துகளைத் திரட்டிப் பார்த்த ஜிம் மார்ட்டினும் ஜோன் ராதரியும் கண்டது என்ன? பெரும்பாலும் "போனேன், பார்த்தேன், வந்தேன்" கதைதான். மழை எப்படிப் பெய்கிறது என்று விளக்கவோ, ஒரு கருத்துக்காக வாதாடவோ யாரும் காட்டித் தரவில்லை. மேல்வகுப்பில் கேட்பதோ அதைத்தான். வீட்டில் ஆங்கிலப் புத்தகம் உள்ளவன் எப்படியோ பிடித்துக்கொள்வான், இல்லாதவன்?

ஆகவே, பேராசிரியர் ஹாலிடேயின் மொழியியலைத் துணைகொண்டு ஒரு முறை வகுத்தார்கள். முதலில் நல்ல மாதிரி ஒன்றை வகுப்பில் படித்து, எது முன்னே வருகிறது, எது பின்னே, எந்தச் சொல் இரண்டையும் இணைக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. அடுத்து, பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், எல்லாருமாகத் திருத்துவார்கள். என்னைக் கேட்டால் இந்த நடுப்படிதான் உயிர். அதன் பிறகே தனியாக எழுதுவது. நம்ம பிள்ளைகள் மாதிரிக் கட்டுரையை நெட்டுருப் போடுகிறார்களே, அது வேறு சங்கதி!

"எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள்" என்று கண்டனமும் எழாமலில்லை. ஆனாலும் 1990களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தொடக்கப்பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத்திலேயே இம்முறை இடம்பிடித்துவிட்டது.