ரிகேல்: ஆங்கில வினைச்சொல்

ரிகேல் என்பது ஒருவரைக் கதை, நகைச்சுவை, பாட்டு போன்றவற்றால் மகிழ்விப்பதையும், நல்ல உணவு படைத்து உபசரிப்பதையும் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. முன்பு விருந்து என்னும் பொருளில் பெயர்ச்சொல்லாகவும் வழங்கியது. அவ்வழக்கு இன்று அருகிவிட்டது.

சொற்பிறப்பு

பிரெஞ்சு மொழியில் ‘ரெகாலே’ என்றால் விருந்து வைத்தல். களித்திருத்தலைக் குறிக்கும் ‘காலேர்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லே இதன் வேர். பெண்களிடம் நயமாக நடந்துகொள்பவரையும் வீரரையும் குறிக்கும் ‘கேலன்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது. இன்றைய பிரெஞ்சில் இந்த வினையில் உணவின் மணம் போகவில்லை. வயிறார, ருசித்துச் சாப்பிட்டவர் இதைக் கொண்டே தம் நிறைவைச் சொல்வார்.

ரீகல் வேறு

அரசருக்குரிய என்று பொருள்படும் ‘ரீகல்’ இதற்கு உறவுச்சொல் அன்று. அது அரசரைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு ஈற்றில் வரும் ஓர் எழுத்துத்தான். ஒலிப்பில், ரீகலுக்கு முதல் அசையிலும் ரிகேலுக்கு இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். ரிகேல் ராஜ விருந்திலிருந்து பிறந்த சொல் என்று ஒருவர் எண்ணினால், அது எழுத்தில் உள்ள ஒற்றுமையால்தான்.

வழக்கு

மகிழ்விக்கப்படும் ஆள் இவ்வினைக்குச் செயப்படுபொருளாக வருவார். கதையோ பாட்டோ மூன்றாம் வேற்றுமைப் பொருளில் அமையும். கடலிலிருந்து திரும்பிய மாலுமி தன் பயணக் கதைகளால் ஊராரை ரிகேல் செய்தார் என்பது போன்ற வாக்கியங்கள் இயல்பானவை. கிண்டலாகவும் சொல்வதுண்டு. ஒருவர் தம் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி நண்பர்களை ரிகேல் செய்தார் என்றால், அவர் ‘அறுத்துவிட்டார்’ என்றே கொள்ள வேண்டும்.

தமிழில்

உணவுக்குரிய சொல்லைப் பேச்சுக்கும் இசைக்கும் நீட்டுவது தமிழுக்குப் புதிதல்ல. திருக்குறளின் 42ஆம் அதிகாரமான ‘கேள்வி’, கேட்டலைச் செவிக்குரிய உணவாகக் காண்கிறது. நல்ல கச்சேரியைச் ‘செவிக்கு விருந்து’ என்பது இன்றும் பேச்சு வழக்கு. எனவே ரிகேல் என்பதை ‘மகிழ்வித்தார்’ என்று மட்டும் பெயர்த்தால் பந்தி காணாமல் போகும். ‘கதை விருந்து படைத்தார்’ என்பதே மூலத்துக்கு நெருக்கமானது.