பூக்கடைக்குத் தெரிந்த கணக்கு

ஆபீஸில் சர்வர் கிராஃப் பார்ப்பதும் என் பொழப்பில் ஒரு பகுதி. நிமிஷக் கணக்கில் பார்த்தால் எல்லாம் சுகமாகவே தெரியும். ஒரு வாரத்தை விரித்து வைத்தால்தான் மெமரி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுகிட்டு இருப்பது கண்ணில் படும். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளிலும் இப்படி வாரக்கணக்கு பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சும்மா நோண்ட ஆரம்பித்தேன். போய் நின்ற இடம், 1952ஆம் வருஷத்து லண்டன்.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. நல்ல குளிர். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிகிறது. காற்று அசையவில்லை. மேலே வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ள, புகைக்குப் போக வழியில்லை. பஸ்கள் நின்றன. அரங்கத்துக்குள்ளேயே புகை புகுந்து ஓர் ஆப்பெராவைப் பாதியில் நிறுத்தினார்கள். 9ஆம் தேதி வரை இதே கதைதான்.

லண்டன்காரர்களுக்குப் புகைமூட்டம் புதுசில்லை. வரும், போகும்... யாரும் பெரிசா எடுத்துக்கவில்லை. தெருவில் ஒன்றும் பிணங்கள் கிடக்கவில்லையே! சவப்பெட்டிக்கும், பூக்கடைகளில் பூவுக்கும் தட்டுப்பாடு வந்ததுதான் முதல் அறிகுறிகளில் ஒன்று என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார் ராபர்ட் வாலர் என்ற ஆய்வாளர்.

ஆனால் கணக்கு இருந்தது. லண்டனில் 1938லிருந்து 'அவசரப் படுக்கைச் சேவை' என்று ஒன்று நடந்துவந்தது. டாக்டர் போன் பண்ணி, "நோயாளியை உடனே சேர்க்கணும்" என்றால், எந்த ஆஸ்பத்திரியில் இடம் காலி என்று தேடிக் கொடுப்பார்கள். அங்கே வந்த கோரிக்கைகள் கிடுகிடுவென ஏறின. இறப்புப் பதிவும் வாரக்கணக்குதான். டிசம்பர் 6ல் முடிந்த வாரம் 2,062 பேர். அடுத்த வாரம் 4,703. முந்தின வருஷம் அதே வாரம் வெறும் 1,852!

புகைக்குச் சுமார் 4,000 பேர் பலி என்று அரசாங்கம் கணக்கை முடித்தது. ஆனால் புகை கலைந்த பிறகும் கோடு பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை. மார்ச் வரைக்கும் உசரத்திலேயே நின்றது. அது? ஃப்ளூ காய்ச்சலாம்!

2001ல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் அதே பழைய வாரக்கணக்கை, படுக்கைக் கோரிக்கைகளையும் சேர்த்து, மறுபடி பிரித்தார்கள். அத்தனை சாவையும் ஃப்ளூ தலையில் கட்ட முடியவில்லை. அவர்களுடைய மதிப்பீடு சுமார் 12,000 பேர்.

நடுவில் 1956ல் சுத்தமான காற்றுக்கான சட்டம் வந்தது உண்மை. ஆனால் அந்த மிச்சம் 8,000 பேர் அரை நூற்றாண்டு 'ஃப்ளூ'வாகவே கிடந்தார்கள்.

இப்போது இங்கிலாந்தில், அவசரப் பிரிவுக்கு எத்தனை பேர் என்ன உபாதையோடு வந்தார்கள் என்று வாரா வாரம் அறிக்கை போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனா 1952லும் எண்கள் இருக்கத்தானே செய்தது? கிராஃபை எந்த வாரத்தோடு வெட்டுவது என்று முடிவு பண்ணியது மனுஷன்தான்.

அலாரம் அடங்கினதும் டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள் நான். இனிமேல் இன்னும் ரெண்டு வாரம் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மூடுவதாக உத்தேசம். மேனேஜர் திட்டினால் லண்டன் கதையைச் சொல்ல வேண்டியதுதான் :-)