கட்டப்படாத தலைநகரம்

டுபாயில் கராமா என்றொரு குடியிருப்புப் பகுதி உண்டு. எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் ஓர் அண்ணனோ மைத்துனரோ அங்கே நான்கைந்து பேருடன் ஓர் அறையைப் பகிர்ந்து தங்கியிருந்த காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வந்த பணத்தைக் கொண்டே எம்மிற் பலர் இங்கு வந்து சேர்ந்தோம். அரபு மொழியில் கராமா என்றால் மானம், கண்ணியம் என்று பொருள். இதே பெயரில் ஒரு நாட்டின் தலைநகரமே எழுவதாக இருந்தது என்பதை அங்கு பல்லாண்டு உழைத்தவர்களிலும் பலர் அறியார். அந்நகரம் எழவில்லை. தன்முனைப்பும் மூடிய மனமும் பொதுவாழ்வில் என்ன செய்யும் என்பதை அறிய விரும்புவோர் அந்த வரலாற்றைப் படித்தல் நன்று.

1968 ஜனவரி 16ஆம் நாள் பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சன், 1971 முடிவதற்குள் தமது படைகள் வளைகுடாவை விட்டு நீங்கும் என அறிவித்தார். அப்போது அங்கே பிரித்தானியப் பாதுகாப்பில் ஒன்பது சிற்றரசுகள் இருந்தன. அபுதாபி, டுபாய், ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா என்னும் ஏழுடன் பஹ்ரெய்னும் கட்டாரும் அவை. தனித்து நின்றால் விழுங்கப்படுவோம் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. ஆயினும் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு வரலாறு இடம்தரவில்லை. அபுதாபியும் டுபாயும் 1945 முதல் 1948 வரை எல்லைக்காகப் போரிட்டவை.

அந்த இரண்டு அரசுகளின் தலைவர்களே முதலில் இறங்கி வந்தனர். 1968 பெப்ரவரி 18ஆம் நாள் அபுதாபியின் ஷேக் சயீதும் டுபாயின் ஷேக் ரஷீதும் எல்லைப் பாலைநிலத்தில் சந்தித்து ஒன்றிணைய உடன்பட்டனர். கடல் எல்லைத் தகராற்றில் எண்ணெய் வயல் இருந்த பகுதி டுபாய்க்கு விடப்பட்டது. அபுதாபி 1962 முதலே எண்ணெய் ஏற்றுமதி செய்துவந்தது. டுபாய் இன்னும் தொடங்கவில்லை. வலியவன் கேட்டு வாங்காமல் விட்டுக்கொடுத்த நிகழ்ச்சி இது. அரசியல் வரலாற்றில் இத்தகையவை அதிகம் இல்லை.

ஒன்பதின்மரும் அம்மாத இறுதியிலேயே டுபாயில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன் பின்னர்தான் வில்லங்கம் தொடங்கிற்று. தலைநகரம் எங்கே? முதல் தலைவர் யார்? எவருக்கு எத்தனை ஆசனம்? மக்கள்தொகையிலும் கல்வியிலும் முன்னின்ற பஹ்ரெய்ன், மக்கள்தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம் கேட்டது. மற்றையோர் சமத்துவம் என்றனர். இரண்டிலும் நியாயம் உண்டு; இரண்டுக்கும் நடுவே வழியும் உண்டு. ஆனால் வழிதேட அமர்ந்தவர்கள் யார் முன்னே நடப்பது என்பதிலேயே நின்றுவிட்டனர். 1969 ஒக்டோபரில் அபுதாபியில் நடந்த கூட்டத்தில் பதவிகள்கூட முடிவாயின. அவ்வேளையில் பிரித்தானியப் பிரதிநிதி தமது அரசின் செய்தியொன்றைத் தெரிவிக்க, அது தலையீடு என்று கூறிக் கட்டார், ராஸ் அல் கைமா ஆட்சியாளர்கள் வெளியேறினர். கூட்டறிக்கை கையொப்பமின்றியே கிடந்தது.

எல்லாப் பழியையும் செருக்கின் தலையிற் சுமத்துதல் வரலாற்றை எழுதுவோர்க்கு அழகன்று. பஹ்ரெய்ன் தனது மாகாணம் என்று ஈரான் நெடுங்காலம் உரிமை கோரிவந்தது. 1970இல் ஐக்கிய நாடுகள் சபையின் தூதுக்குழு அங்குள்ள மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்தபின் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. அதன்பின் பஹ்ரெய்னுக்கு எவர் தோளிலும் சாயவேண்டிய தேவை இருக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 15ஆம் நாள் பஹ்ரெய்னும், செப்டெம்பர் 3ஆம் நாள் கட்டாரும் தனிநாடுகளாயின. டிசம்பர் 2ஆம் நாள் ஆறு அரசுகள் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. பெரியோருக்குள்ள தடுப்புரிமை தனக்கும் வேண்டுமென்று நின்ற ராஸ் அல் கைமா, தனது இரு தும்பு தீவுகளையும் ஈரான் கைப்பற்றிய பின்னர், 1972 பெப்ரவரியில் ஏழாவதாக வந்து சேர்ந்தது.

எழுவரும் தன்முனைப்பை வென்ற முனிவர்கள் அல்லர். அதற்கென்று அளவான ஓர் ஆசனம் செய்து கொடுத்தார்கள், அவ்வளவே. நாற்பது பேர் கொண்ட தேசியப் பேரவையில் அபுதாபிக்கும் டுபாய்க்கும் எட்டெட்டு, ஷார்ஜாவுக்கும் ராஸ் அல் கைமாவுக்கும் ஆறாறு, ஏனைய மூன்றுக்கும் நான்கு நான்கு. ஆட்சியாளர் பேரவையில் முக்கிய முடிவுக்கு எழுவரில் ஐவர் இசைய வேண்டும். அந்த ஐவரில் பெரியோர் இருவரும் அடங்க வேண்டும். தலைநகரமோ அபுதாபிக்கும் இல்லை, டுபாய்க்கும் இல்லை. இருவரும் தத்தம் எல்லையில் நிலம் கொடுக்க, ஏழாண்டுக்குள் அங்கே கராமா என்னும் நகர் எழும் என அரசியலமைப்பில் எழுதினர். அதுவரை அபுதாபி தற்காலிகத் தலைநகரம். கோபம் ஆறுவதற்கு அந்தத் ‘தற்காலிகம்’ என்ற சொல்லே போதுமானதாயிற்று. 1996இல் அபுதாபி நிரந்தரத் தலைநகரமாக்கப்பட்டது.

இனி எமது தீவுக்கு வருவோம். 1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் பிரதேச சபைகளுக்கான உடன்படிக்கையைச் செய்தனர். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி அதனை எதிர்த்தது, ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலில் உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1965 மார்ச் 24ஆம் நாள் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா அதே செல்வநாயகத்துடன் மாவட்ட சபைகளுக்கு உடன்பட்டார். இம்முறை எதிர்த்துத் தெருவில் இறங்கியது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி. பொருள் ஏறக்குறைய ஒன்றே. கையொப்பமிட்ட கை மாறியிருந்தது. எழுதப்பட்டது என்ன என்பதை விட்டு, எழுதியவன் யார் என்று பார்த்ததன் விலையை நாம் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

அரசியல்வாதிகள் அப்படித்தான், அறிவியலாளர் அவ்வாறில்லை என்பாரும் உளர். 1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியற் கழகத்தில், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற இருபத்துநான்கு வயது இளைஞர் சந்திரசேகர் தம் ஆய்வை வாசித்தார். சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் திணிவுள்ள விண்மீன் வெண்குறுமீனாக அடங்காது என்பது அவர் முடிவு. அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார், அவையும் சிரித்தது. அந்த எடிங்டன் யார்? 1919 சூரியகிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் புதிய கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவர். மற்றவர்கள் ஏற்கத் தயங்கிய புதுமைக்குக் கதவு திறந்த மனிதரே பின்னர் தம் கதவைச் சாத்திக்கொண்டார். சந்திரசேகர் சொன்னதே சரி என்று கருதிய பெரும் இயற்பியலாளர் சிலரும் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. சந்திரசேகர் சிக்காகோ சென்று வேறு துறைகளில் உழைத்தார். நோபல் பரிசு 1983இல் வந்தது. எடிங்டனுடனான நட்பை அவர் முறித்துக்கொள்ளவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எமது வீடுகளிலும் இதே வழக்கு நடக்கிறது. அரசாங்கக் கடிதம் வருகின்றது; பன்னிரண்டு வயது மகள் வாசித்துப் பொருள் சொல்கின்றாள். ஊரில் பத்துப் பேர் யோசனை கேட்டு வந்த தந்தைக்கு அது பொறுப்பதில்லை. “எனக்கே படிப்பிக்கிறாயோ?” என்கிறார். கடிதத்தின் தவணை அதற்காக நிற்பதில்லை. சங்கங்களின் நிலையோ சொல்லுந்தரமன்று. விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறிக்கக் கூடிய கூட்டம், மங்கல விளக்கேற்றுவது யார் என்பதில் உடைந்து, ஒரே ஊருக்கு இரண்டு சங்கமாகிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வியப்பதில்லை.

வளைகுடாவிலும் பழைய பகை முற்றாக அடங்கிவிடவில்லை. ஹவார் தீவுகளுக்காகப் பஹ்ரெய்னும் கட்டாரும் நடத்திய வழக்கைச் சர்வதேச நீதிமன்றம் 2001இல்தான் முடித்தது. 2017 ஜூன் 5ஆம் நாள் சவூதி அரேபியா, அமீரகம், பஹ்ரெய்ன், எகிப்து ஆகிய நான்கும் கட்டாருடன் உறவை முறித்து வான்வழியையும் தரைவழியையும் மூடின. டோஹாவில் ஒரு தம்பியும் டுபாயில் ஒரு தம்பியுமாக இருந்த குடும்பங்கள் மஸ்கட் வழியாகவோ குவைத் வழியாகவோ சுற்றிச் சென்றன. அல் ஜசீரா தொலைக்காட்சியை மூடு என்பது உட்பட பதின்மூன்று கோரிக்கைகள் விதிக்கப்பட்டன, கட்டார் மறுத்தது. 2021 ஜனவரி 5ஆம் நாள் சவூதியின் அல் உலாவில் கட்டார் அமீரை விமானத்தடியிலேயே சவூதி இளவரசர் கட்டித் தழுவினார். எல்லை திறந்தது. அல் ஜசீரா மூடப்படவில்லை.