ரயில் நிற்கும் இடமும் தண்ணீர் நிற்கும் இடமும்

1875 டிசம்பர். விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர், கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வருகிறார். பட்டத்து இளவரசராகவே இருக்கட்டுமே, பெரிய கப்பல் கரைக்கு வராது. அந்தக் கடலில் ஆழம் போதாது. தொலைவிலேயே நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில்தான் கரை சேரவேண்டும். கரையில் அவருக்காகப் புத்தம்புது ரயில் காத்திருந்தது. ஏறி, மணியாச்சி வழியாக மதுரைக்குப் போனார். 1876-ல் அந்தப் பாதை பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

முத்துக்கும் சங்குக்கும் பேர்போன ஊருக்கு ரயில் எதற்கு? கரிசல் காட்டுப் பருத்தியைக் கப்பலேற்ற. இலங்கைக்குப் போகிற ஆட்களைத் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்க. ஊர் ஜனங்கள் எங்கே குடியிருப்பார்கள், எப்படி வேலைக்குப் போவார்கள் என்றெல்லாம் யாரும் கணக்குப் போடவில்லை. ஆனாலும் ரயில் நின்ற இடத்தில் ஊர் வளர்ந்தது. கிடங்குகள் வந்தன, மில் வந்தது, மில்லைச் சுற்றி வீடுகள் வந்தன. கிரேட் காட்டன் ரோடு என்கிற பெயரே அதற்குச் சாட்சி.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். கொழும்புக்குப் போகிற முக்கிய வழி தனுஷ்கோடிக்கு மாறிப்போனது. தூத்துக்குடி அசரவில்லை. பருத்தி இருந்தது, உப்பு இருந்தது, தோணி வியாபாரம் இருந்தது. தனுஷ்கோடியின் கதை வேறு. ரயிலையும் கப்பலையும் மட்டுமே நம்பியிருந்த அந்த ஊர் 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. மறுபடி எழவே இல்லை.

இதே கடற்கரையில் இன்னொரு பாதையும் இருந்தது. குலசேகரன்பட்டினத்துச் சர்க்கரை ஆலைக்காகத் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை ஓடிய குட்டி ரயில். 1940-ல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆலைக்காகப் போட்ட தண்டவாளம் ஆலையோடு போயிற்று!

சரி, குடியிருக்கிற மனிதனை நினைத்து ரயிலையும் ஊரையும் சேர்த்து யோசித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அதற்கு நாம் சென்னைக்குப் போகவேண்டும்.

1920-களில் மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டி தியாகராய நகரைத் திட்டமிட்டார்கள். நடுவே பனகல் பூங்கா, அதைச் சுற்றிக் கிளை பிரியும் தெருக்கள், நடந்துபோகிற தூரத்தில் ரயில். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலும் ஓட ஆரம்பித்தது. குமாஸ்தா ஒருவர் காலையில் குளித்து, சாப்பிட்டு, ரயிலேறி ஆபீஸ் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பலாம். பிரமாதமான யோசனை.

ஆனால், வரவை எழுதினால் செலவையும் எழுதவேண்டும் இல்லையா? அந்த நகர் எழுந்தது ஏரி இருந்த இடத்தில். ஏரியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். நூறு வருஷம் ஆகப்போகிற சமயத்தில், 2021 நவம்பர் மழையில், தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் வந்து நின்றது. தன் பழைய விலாசத்தைத் தண்ணீர் மறப்பதே இல்லை.

அந்தப் பாடம் 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக்கே வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் ஏறக்குறைய 800 பேர். முன்னால் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் சூழ்ந்த ஸ்டேஷனிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் தங்கியவர்களுக்குக் கிராமத்து மக்கள்தான் முதலில் சோறு போட்டார்கள். தூத்துக்குடி நகரத்திலோ பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்?

குட்டி ரயில் ஓடிய அதே குலசேகரன்பட்டினத்தில் 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2025-ல் தூத்துக்குடிக்கு வெளியே மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தாயிற்று. வேலைக்கு ஆள் வருவார்கள். ஆள் வந்தால் வீடு வேண்டும். காலி இடமெல்லாம் மனையாகும். அதில் எது மேடு, எது குளத்து உள்வாய் என்று வெயில் காலத்தில் மனை பார்க்கப் போகிற உங்களுக்குத் தெரியாது. விற்கிறவர் சொல்லவும் மாட்டார்.

மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே தட்டப்பாறை, மீளவிட்டான் என்று ஸ்டேஷன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பாதையும் இப்போது இரட்டைப் பாதை. காலையும் மாலையும் நாலு உள்ளூர் ரயில் விட்டு, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருப்புகளை அமைத்தால், பாதிப் பேருக்கு பைக் தேவைப்படாது. முதல் வேலையாக, குளமும் ஓடையும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்து, அங்கே மனை கிடையாது என்று சொல்லிவிடவேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் வெள்ளம் போக வழியும் விடவேண்டும்.

ரயில் நிற்கிற இடத்தில் ஊர் வளரட்டும். தண்ணீர் நிற்கிற இடத்தில் தண்ணீரே நிற்கட்டும்.